வயதின் மீது பழி போடாதீர்கள்

கேள்வி: நான் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் தீவிர ரசிகன். அவருடைய 'நெப்போலியன்' பார்த்துவிட்டு நொந்துபோனேன். வரலாற்றுப் பிழைகள்தான் படத்தைக் கெடுத்தனவா, இல்லை 85 வயதில் அவருக்குக் கை தளர்ந்துவிட்டதா?

பதில்: இரண்டும் இல்லை. கை தளர்ந்தவரால், நெப்போலியன் முதலில் பெயர் வாங்கிய தூலோன் துறைமுக முற்றுகையை அப்படி எடுக்க முடியாது. பீரங்கிக் குண்டு குதிரையின் மார்பைப் பிளக்கிறது, ரத்தம் தெறித்த முகத்தோடு எழுகிற நெப்போலியனுக்குப் பயத்தில் மூச்சு வாங்குகிறது. மாவீரன் பிம்பம் அந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறது, பிரமாதம்.

பிரமிடு மீது குண்டு விழுவது நடக்காத சங்கதிதான். தூலோனில் 24 வயதே ஆகியிருந்த நெப்போலியனாக, ஐம்பதை நெருங்கிய வாக்கீன் ஃபீனிக்ஸ் நடித்ததும் உறுத்தல்தான். சரி, மன்னித்துவிடலாம். எனக்கு ஆறாதது, ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை அவர் வீழ்த்திய ஆஸ்டர்லிட்ஸ் போர். 1805 டிசம்பர் 2 அன்று நெப்போலியன் செய்தது என்ன? பிராட்ஸன் மேட்டை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, தன் வலது பக்கம் பலவீனமாக இருப்பதுபோல் காட்டி, எதிரி அதை நம்பிக் கீழே இறங்கியதும், மூடுபனிக்குள் காத்திருந்த படையை மேட்டில் ஏற்றி அவர்களை நடுவில் பிளந்தார். அந்த மூளைதான் நெப்போலியன். படத்திலோ உறைந்த ஏரி, உடையும் பனிக்கட்டி, நீருக்கடியில் பரவும் ரத்தம். பார்க்க அபாரம்தான், ஆனால் போரின் கடைசிக் கட்டத்தில் சில குளங்களில் நடந்ததையே ஸ்காட் முழுப் போராக்கிவிட்டார்.

அப்புறம் 1812, சுமார் 6 லட்சம் பேரோடு ரஷ்யாவுக்குப் போன படையெடுப்பு, சில நிமிடங்களில் கடந்துபோகிறது. இந்த மனிதன் பின்னால் இத்தனை பேர் ஏன் சாகப் போனார்கள்? நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பும்போது தன்னைப் பிடிக்க வந்த சிப்பாய்களையே அவர் தன் பக்கம் இழுக்கும் காட்சி சிலிர்க்க வைத்திருக்க வேண்டும். ஒட்டவே இல்லை, ஏனென்றால் அதுவரை அவரும் சிப்பாய்களும் நெருங்கிப் பழகியதை நாம் சரியாகப் பார்க்கவே இல்லை.

இதே ஸ்காட்டின் முதல் படம், 1977ல் வந்த 'த டூயலிஸ்ட்ஸ்', தேடிப் பாருங்கள். நெப்போலியன் படையின் இரண்டு அதிகாரிகள் அற்பக் காரணத்துக்காக வருடக்கணக்கில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் துரத்துகிறார்கள், ரஷ்யப் பனியில் ஆட்கள் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பகை அடங்குவதில்லை. நெப்போலியன் தலைகாட்டாத அந்தப் படத்தில் அவர் காலத்தின் வெறி முழுக்க இருக்கிறது. 'நெப்போலியன்' படத்தில் அவரை விட்டுக் கேமரா நகருவதே அரிது, ஆனால் திரைக்கதை போர்க்களத்துக்கும் மனைவி ஜோசபினின் அறைக்கும் மாறிமாறி ஓடி, இரண்டு இடத்திலும் பாதியிலேயே எழுந்து வந்துவிடுகிறது.