பரண்ல ஒருத்தர், பள்ளத்துல ஒருத்தர்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க பெரியப்பா மகன் அமெரிக்காவுல மினசோட்டால இருக்காரு, மதினி அந்த ஊர்க்காரவுக. வர்ற நவம்பர்ல குடும்பத்தோட மான் வேட்டைக்கு போறாங்க, பதினாலு வயசு பையனும் மொத தடவையா போறான், நானும் அப்ப அங்க இருப்பேன். ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்கலாம்ங்கிறாரு அண்ணன், அவரு மாமனாரு வேட்டையில அதெல்லாம் கூடவே கூடாதுங்கிறாரு. யாரு சொல்றது சரி? திரும்பி வரும்போது அதே செட்டை சாந்தன்பாறைல இருக்கற எங்க ஏலத்தோட்டத்துக்கு கொண்டு வந்துரலாமா? அங்க போன்ல டவரே எடுக்காது.
- வாசகர், போடி

பதில்: தம்பி, மாமனாரு சொல்றதுல சட்டம் இருக்கு. மினசோட்டால வாக்கி டாக்கி, செல்போன் எதையும் வச்சு மான் அடிக்கக் கூடாது, மொண்டானாங்கிற இன்னொரு மாநிலத்துலயும் இந்தத் தடை இருக்கு. "உன் பக்கம் ஒண்ணு ஓடி வருது, ரெடியா இரு"ன்னு ரேடியோல சொல்லிட்டா மானுக்கு தப்பிக்க வழி ஏது, அது நியாயமான வேட்டை இல்லைங்கிறது அவங்க கணக்கு, எனக்கும் அது சரின்னுதான் படுது. ஆனா அண்ணன் கேக்கறது மகன் எங்க இருக்கான்னு தெரியணும்னுதானே? அந்தக் கவலைய ஒதுக்க முடியாது. அதனால பாதுகாப்புக்கு மட்டும் எந்த அளவு பேசலாம்னு அந்த மாநில வனவிலங்கு அதிகாரிகிட்ட முன்னாடியே ஒரு போன் போட்டு கேட்டுக்கச் சொல்லு.

அங்க மரத்துல பரண் கட்டி அதுல உக்காந்துதான் நெறைய பேரு மான் வர்றதுக்கு காத்திருப்பாங்க, நம்ம ஊர்ல காட்டுப்பன்னிக்கு காவல் இருக்கற பரண் மாதிரிதான். துப்பாக்கிய விட அந்த பரண்ல இருந்து விழுறதுதான் எனக்கு பயம், அந்தக் குளிர்ல காலு ஒடிஞ்சு கெடந்தா யாருக்குத் தெரியும். பெல்ட் கட்டாம பையன ஏத்தவே கூடாது. யாரு எந்த பரண்ல, எந்தப் பக்கம் சுடவே கூடாதுன்னு காலைல கெளம்பறதுக்கு முன்னாடியே வீட்டு மேசையில படம் போட்டு பேசி முடிச்சிரணும், பாதுகாப்புக்குப் பேசலாம்னு அதிகாரி சொன்னா, பரணை விட்டு எறங்கப் போறவன் ரேடியோல "நான் எறங்கறேன்"னு சொல்லி, மத்தவங்க "சரி"ன்னு திருப்பிச் சொன்னப்புறம்தான் காலைக் கீழ வைக்கணும். பதில் வரலன்னா எறங்காதே. ரேடியோ இருக்கேன்னு, மானில்ல ஆளுன்னு தூரத்துலயே தெரியறதுக்குப் போடற ஆரஞ்சு சட்டைய மட்டும் கழட்டிறாதீங்க.

அங்க லைசென்ஸ் இல்லாம பேசற செட்டுக்கு எஃப்ஆர்எஸ்னு பேரு, 22 சேனல், அதிகபட்சம் 2 வாட். அதுக்கு மேல பவர் வேணும்னா ஜிஎம்ஆர்எஸ், அதுக்கு லைசென்ஸ் வேணும், பரீட்சை கெடையாது, 35 டாலர் கட்டுனா 10 வருசத்துக்கு குடும்பம் மொத்தத்துக்கும் செல்லும். அட்டைப்பெட்டில 35 மைல்னு போட்டிருக்கறத நம்பாதே, மலை உச்சில இருந்து வெட்டவெளிக்கு பேசுனாத்தான் அந்தக் கணக்கு, மரமும் மேடும் குறுக்க வந்தா ஒண்ணு ரெண்டு மைல் கெடைச்சாலே பெருசு. செட்டுல பிரைவசி கோடுன்னு ஒரு நம்பர் வைக்கலாம், அதைப் போட்டா ரகசியம்னு நெனைக்காதே, அடுத்தவன் பேச்சு உனக்குக் கேக்காம இருக்கும், உன் பேச்சை எவனும் கேக்கலாம். காதுல இயர்போன் மாட்டி சத்தத்தை கம்மி பண்ணு, பட்டனை அமுக்கி ஒரு செகண்ட் விட்டுப் பேசு, இல்லேன்னா மொத வார்த்தை அறுந்துரும், "தம்பி எறங்கறான்"ங்கறதுல "எறங்கறான்" மட்டும் கேட்டா யாருன்னு எப்படித் தெரியும், யோசிச்சுப் பாரு. குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கும், செட்டை சட்டைக்கு உள்பக்கம் வச்சுக்கோ.

இப்ப உன் தோட்டத்துக்கு வர்றேன். அந்த செட்டை கொண்டு வராதே தம்பி. அது 462, 467 மெகாஹெர்ட்ஸ்ல பேசுது, நம்ம நாட்டுல இந்த மாதிரி வாக்கி டாக்கில லைசென்ஸ் இல்லாம பேச விட்டிருக்கறது 446.0ல இருந்து 446.2 வரைக்கும்தான், 2018 விதி. அதுவும் அரசாங்கம் ஒத்துக்கிட்டதுக்கான ஈடிஏ சான்று இருக்கற செட்டா இருக்கணும். ஆன்லைன்ல எல்லா அலைவரிசையும் புடிக்கும்னு விக்கறானே, அதுக்கும் இதே பதில்தான். இங்க மான் சுடறதுக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் எடமே தரல, அதனால அந்தப் பேச்சை அங்கேயே விட்டுட்டு வா.

ஆனா தோட்டத்துக்கு வாக்கி டாக்கி வேணும்தான், நான் மறுக்கல. அரிக்கொம்பன்ங்கற காட்டு யானை சின்னக்கானல் பக்கம் சுத்துனதும், அப்புறம் 2023 மே மாசம் கம்பம் ஊருக்குள்ளயே வந்ததும் உனக்கே தெரியும். காலைல வேலைக்கு எறங்கற பொம்பளையாளுக கையில ஒரு செட்டு, மேட்டுல ஸ்டோர்கிட்ட ஒரு செட்டு, ஜீப் டிரைவர்கிட்ட ஒண்ணு. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு நின்னு பேசிப் பாருங்க, ஏலச்செடியும் மரமும் மண்டிக் கெடக்கற பள்ளத்துல வளைவு திரும்புனதும் குரல் செத்துரும், அப்ப மேட்டுல இருக்கற ஆளுதான் ரெண்டு பக்கமும் கேட்டு எடுத்துச் சொல்லணும், அதனால அந்த எடத்துக்கு பொறுப்பான ஆளா பாத்துப் போடு.