செட்டில் ஆயிட்டாங்களாம்... பணம் எப்போ?

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் சில அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். லண்டனிலிருந்து ஒரு குடும்பம் மூன்று நாள் தங்க வந்தது. மறுநாளே, ‘வி ஹேவ் செட்டில்ட் இன் நைஸ்லி. வில் செட்டில் அப் ஆன் சண்டே’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி. இங்கேயே இருந்துவிடப் போகிறார்களா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பயப்படாதீங்க ஆச்சி. இடம் நன்றாகப் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். ‘செட்டில் இன்’ என்றால் புது இடத்தில் பழகிக்கொள்வது. ‘செட்டில் அப்’ என்றால் பாக்கியைத் தீர்ப்பது. ‘ஷ்யூர், நோ ஹர்ரி’ என்று பதில் போடுங்கள், போதும்.

நமக்கு செட்டில் என்றதும் அமெரிக்காவில் வீடு வாங்கிய பையன்தான் ஞாபகத்துக்கு வருவான். அல்லது கல்யாணப் பந்தியில், ‘இன்னும் செட்டில் ஆகலையா?’ என்று குடைகிற உறவுக்காரர். இங்கிலீஷிலும் இந்த அர்த்தங்கள் உண்டு. கணக்கை முடிப்பதும் அதே சொல்தான். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன நம் செட்டிநாட்டு லேவாதேவிக் கடை ஏஜெண்டுகளை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு, குடும்பம் ஊரில். தவணை முடிந்ததும் கணக்கை செட்டில் பண்ணிவிட்டுக் கப்பல் ஏறினார்கள், அங்கே செட்டில் ஆகவில்லை.

பழைய வீடு வைத்திருக்கிறீர்கள், அதனால் இன்னொன்று. வளவுச் சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டு இன்ஜினியர் ‘செட்டில்மெண்ட்’ என்றால், பங்காளிகள் யாரோ பத்திரம் எழுதிவிட்டார்கள் என்று பதறாதீர்கள். அஸ்திவாரத்து மண் அமுங்கிக் கட்டடம் இறங்கியிருக்கிறது என்கிறார். டிகாஷனில் தூள் அடியில் படிவதற்கும் செட்டில்தான். பத்திரத்து செட்டில்மெண்ட் வேறு. அது குடும்பத்துக்குள் கிரயப் பணம் வாங்காமல் சொத்தை எழுதி வைப்பது. வழக்கு சமரசமாவதும் செட்டில்மெண்ட்தான், அதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை!

தொழிலுக்கு உதவுகிற விஷயம், பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல். ‘வி செட்டில்ட் ஆன் வெள்ளைப் பணியாரம்’ என்று விருந்தினர் சொன்னால், யோசித்து அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ‘வி செட்டில்ட் ஃபார் டோஸ்ட்’ என்றால், கேட்டது கிடைக்காமல் இருந்ததைச் சாப்பிட்டார்கள். ஏசி அறை காலியில்லாதபோது, ‘ப்ளீஸ் செட்டில் ஃபார் தி அதர் ரூம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மட்டமான அறை என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். ‘வுட் யூ லைக் தி கார்டன் ரூம்?’ என்று கேளுங்கள். தோட்டத்துப் பக்கம் ஜன்னல் இருந்தால்தான், சரியா?