தடத்துக்கு உள்ளேயா, வெளியேயா? பனிச்சறுக்கு பற்றிப் பெற்றோர் கேட்டவை

என் மகன் வெளிநாட்டில் பனியில் ஏதோ விளையாடுகிறான். அது ஆபத்தானதா? (தண்டையார்பேட்டை வாசகர்)

எந்த நாடு, எந்த மலை, ஸ்கீயா ஸ்னோபோர்டா, அமைக்கப்பட்ட தடத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒன்றையும் எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? மகனிடம் விசாரித்துவிட்டு எழுதுங்கள். நான்காவது கேள்வியை முதலில் கேளுங்கள்.

விலை உயர்ந்த ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இனிக் கவலை இல்லையே? (பெரம்பூர் வாசகர்)

தலைக்காயம் குறையும், முழங்கால் ஜவ்வு கிழிவது குறையாது. 2013 டிசம்பரில் பிரான்ஸின் மெரிபெல் மலையில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமேக்கர் விழுந்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. விழுந்த இடமோ தடத்திலிருந்து சில மீட்டர் விலகிய பாறைப் பகுதி.

மகளுக்கு 29 வயது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் வேலை. வார இறுதிகளில் நண்பர்களோடு மலையேறி, தடமில்லாத பனியில் சறுக்கி இறங்குகிறாள். கேட்டால், "பனிச்சரிவில் புதைந்தாலும் கண்டுபிடிக்கும் கருவி வாங்கிவிட்டேன், பயப்படாதே" என்கிறாள். என் கணவர் கடலுக்குப் போகிறவர். பயம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது தாங்கவில்லை. எப்படித் தடுப்பது? (காசிமேடு வாசகி)

தடுக்க முடியாது, அம்மா. 29 வயதுப் பெண்ணை இங்கிருந்து தொலைபேசியில் தடுத்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் "கருவி வாங்கிவிட்டேன்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னை மிகவும் எரிச்சலூட்டும் சொல் அதுதான்.

பீக்கன் எனப்படும் அந்தக் கருவி யாரையும் காப்பாற்றுவதில்லை. பனிக்கு அடியிலிருந்து ரேடியோ சைகை அனுப்புகிறது, அவ்வளவே. மேலே நிற்கும் நண்பர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, சைகையைத் தொடர்ந்து வந்து, நீண்ட கம்பியைக் குத்தி ஆழம் பார்த்து, மண்வாரியால் தோண்டினால்தான் உயிர் மிஞ்சும். முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்று பேர்தான். பெரும்பாலோர் சாவது குளிரால் அல்ல, மூச்சுத்திணறலால். சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும் என்பதால் வெறுங்கையால் தோண்டவும் இயலாது. ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் போய்விடும். ஆகவே அவளுடைய மீட்புப் படை அவளோடு வரும் நண்பர்கள்தான். அவர்கள் தேடியும் தோண்டியும் பழகாதவர்கள் என்றால், அவள் மார்பில் கட்டியிருப்பது உடலைத் தேடி எடுக்க மட்டுமே உதவும். காஷ்மீரின் குல்மார்க்கில் மேலுறை பிரிக்காத கருவியோடு மலையேற வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குக் கோபம் வந்தது, எனக்கு வருத்தமில்லை.

இன்னொன்று. உயிர் குடிக்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பது தானாக வருவதில்லை; சிக்கியவரோ உடன் வந்தவரோ மிதித்துக் கிளப்பியவை. சாய்வு 30 முதல் 45 பாகை வரை இருக்கும் இடங்களும், புதுப்பனி கொட்டிய முதல் இரண்டு நாட்களும் மோசமானவை. அவள் இருக்கும் டிரோல் மாநிலத்தில் மறுநாளைக்கான பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய மாலையே வெளியாகிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய பிறகு உங்கள் கணவர் படகை எடுப்பாரா? அதே போன்றதுதான் இதுவும். ஒரே வேறுபாடு: நம் புயல் கூண்டு 11 வரை போவதால் மூன்று என்பது கீழ்ப்படி, பனிச்சரிவு அளவுகோல் ஐந்தோடு முடிவதால் மூன்று என்பதே கடுமையானது. நான்கிலும் ஐந்திலும் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில்தான் துணிந்து கிளம்பிச் சாகிறார்கள்.

எனவே "போகாதே" என்பதை விட்டுவிட்டு, நாளைய எண் என்ன, தோண்டிப் பழகியது கடைசியாக எப்போது, உடன் வருபவர்களும் பழகினார்களா, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அப்போது கோபித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கும்.

மகன் பிப்ரவரியில் குல்மார்க் போகிறான். இதுவரை பனியையே பார்த்ததில்லை. (ராயபுரம் வாசகி)

கடல் மட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரமுள்ள குல்மார்க்கில் இரண்டு இரவாவது தங்கி உடலைப் பழக்கட்டும். கீழ்ச்சாய்வுகளில் பயிற்றுநரோடு சறுக்கலாம். கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் 3,900 மீட்டருக்கு மேல் ஏறி அஃபர்வத் மலையில் சறுக்குவது அவனுக்கு வேண்டாம். 2023 பிப்ரவரியில் அந்த மலையில் போலந்து நாட்டினர் இருவர் பனிச்சரிவில் இறந்தனர்.

பயணக் காப்பீடு எடுத்திருக்கிறான். போதுமா? (திருவொற்றியூர் வாசகர்)

விலக்குகள் அச்சிடப்பட்ட பக்கத்தைப் படித்தீர்களா? பல சாதாரணப் பயணக் காப்பீடுகளில் குளிர்கால விளையாட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டினாலும், தடத்துக்கு வெளியே நடந்த விபத்துக்குப் பணம் தராதவை உண்டு.

மலையில் உரக்கக் கத்தினால் பனி சரியும் என்கிறார்களே? (கொருக்குப்பேட்டை வாசகர்)

அது சினிமாவில். மனிதக் குரலுக்குப் பனி சரிவதில்லை. ஆளின் எடைக்குச் சரிகிறது, அதுவும் பெரும்பாலும் தடத்துக்கு வெளியே.