ஒன்றுக்கு எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. நேர் மாறல் கணக்கில், அதாவது ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும் கணக்கில், முழு எண்கள் வந்தால் போட்டுவிடுகிறாள். பின்னம் வந்தால் பேனாவை வைத்துவிடுகிறாள். நேற்று வந்த கணக்கு: ‘ஒரு சுருள்வில்லில் 3/4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது 2 1/2 செ.மீ. நீள்கிறது. 1 1/5 கிலோவுக்கு எவ்வளவு நீளும்?’ பின்னங்களைத் தசமமாக மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா? குறுக்குப் பெருக்கலை மட்டும் பழக்கினால் போதாதா? எனக்கும் பள்ளியில் கணக்கு வரவில்லை. என் ரத்தம்தானே, அவளுக்கும் வராது போலிருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

கடைசி வரியை அவள் காதுபடச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் அது பெரிய தவறு, இன்றே அவளிடம் பேசிச் சரிசெய்யுங்கள். கணக்கு ரத்தத்தில் வருவதில்லை. முழு எண்ணில் போடத் தெரிந்த பெண் பாதி தூரம் வந்துவிட்டாள். மீதித் தூரத்துக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தசமம் வேண்டாம். இந்தக் கணக்கில் நடுவே 10/3 வரும். அதை 3.33 என்று வெட்டிவிட்டால் விடை 4க்குப் பதில் 3.996 என்று வந்து நிற்கும். குறுக்குப் பெருக்கலில் விடை வரும், சரி. விடை மட்டும்தான் வரும்.

எங்களுக்குக் கணக்கு எடுத்த ஆசிரியை ஒருவர் இந்த வகைக் கணக்கைக் கொடுத்தால் விடையைக் கேட்கவே மாட்டார். ‘ஒன்றுக்கு எவ்வளவு?’ என்பார். யாராவது அதைச் சொல்லிவிட்டால் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அவருடைய அந்தக் கேள்வி சில நாட்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முக்கால் கிலோவுக்கு இரண்டரை செ.மீ. முக்கால் என்பது மூன்று கால். அப்படியென்றால் ஒரு கால் கிலோவுக்கு இரண்டரையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5/6 செ.மீ. ஒரு கிலோவில் நான்கு கால். எனவே 5/6ஐ நான்கால் பெருக்க 10/3 செ.மீ. இப்போது என்ன செய்தோம் என்று பாருங்கள். மூன்றால் வகுத்தோம், நான்கால் பெருக்கினோம். 3/4ஆல் வகுக்கும்போது ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அது இதுதான்! காரணம் கண்ணெதிரே இருக்கும்போது அதை மந்திரம் போல ஒப்பிக்க வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பிள்ளைகள் பின்னத்துக்குப் பயப்படவில்லை. காரணம் சொல்லாத விதிக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அந்த 10/3தான் மாறிலி. ‘k-இன் மதிப்பைக் கண்டுபிடி’ என்று பாடத்தில் வருவது இதைத்தான். அதை வெறும் எண்ணாக எழுத விடாதீர்கள். ‘கிலோவுக்கு 10/3 செ.மீ.’ என்று அலகோடு எழுதட்டும். அது அந்த வில்லின் குணம். இன்னும் விறைப்பான வில்லென்றால் மாறிலி இதைவிடச் சிறியதாக இருக்கும். கிடைத்த பிறகு 1 1/5ஐ 6/5 ஆக்கிப் பெருக்கினால் 4 செ.மீ. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த வில் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடுவித்தார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவு. நீட்சி என்றுதான் சொன்னார், நீளம் என்று சொல்லவில்லை. எடையே இல்லாதபோது வில் 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் கிலோவில் மொத்த நீளம் 14 1/2, ஒன்றரை கிலோவில் 17. எடை இரட்டித்தது, நீளம் இரட்டிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து கூடுவதாலேயே நேர் மாறல் ஆகிவிடாது. ஒன்று பூஜ்யமாகும்போது மற்றதும் பூஜ்யமாக வேண்டும். குறுக்குப் பெருக்கலை மட்டும் பழகிய பிள்ளை 14 1/2ஐயும் எடுத்துப் பெருக்கி 29 என்று எழுதும். யாரும் தடுக்காவிட்டால் அடுத்த கணக்குக்கும் போய்விடும். உங்கள் மகளை அந்த இடத்துக்குத் தள்ளாதீர்கள்.

இன்று மாலை அவளிடம் இதைக் கேளுங்கள்: அதே வில் 1 1/4 செ.மீ. நீண்டிருக்கிறது, எடை என்ன? 10/3ஆல் வகுத்து 3/8 கிலோ என்று சொன்னால் நல்லது. இரண்டரையில் பாதி, ஆகவே முக்காலில் பாதி என்று மாறிலியைத் தொடாமலே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ‘படிமுறை எங்கே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.