தும்மலை அடக்கினா காது அடைக்குதா?

மீட்டிங்ல தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சு, வாயையும் மூடி அடக்கிடுவேன், உடனே வலது காது 'டப்'புனு அடைச்சுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. போன வருஷம் வரைக்கும் நானும் அதே கேஸ்தாங்க. முதல்ல அதை நிறுத்துங்க.

மூக்குக்குள்ள தூசி பட்டதும் நரம்பு வழியா மூளைத்தண்டுக்குச் சேதி போகுது. நெஞ்சு நிறையக் காத்தை இழுத்து, தொண்டையை ஒரு கணம் பூட்டி, சட்டுனு திறந்துவிட்டு அதை வெளியே தள்ளப் பாக்குது உடம்பு. நீங்க வாசலை மூடினா அந்த அழுத்தம் மூக்குக்குப் பின்னாடி இருக்குற குழாய் வழியா நடுக்காதுக்கு ஏறும். உங்க 'டப்' அதுதான். இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துல 34 வயசு ஆள் ஒருத்தர் இப்படி அடக்கி, தொண்டை உள்ளுக்குள்ள கிழிஞ்சு, ஒரு வாரம் குழாய் வழியாச் சாப்பிட்டாராம். 2018-ல மருத்துவ இதழ்லயே வந்துச்சு. ரொம்ப அபூர்வம்தான், பயப்படாதீங்க.

தும்மல் கிளம்பும்போதே மேலுதட்டுக்கு மேல விரலால அழுத்திப் பாருங்க, சில பேருக்கு அடங்கும். இல்லேன்னா முழங்கை மடிப்புல தும்மிடுங்க. (குழந்தை தும்மினா 'நூறு'ன்னு வாழ்த்துறோம், நமக்கு மட்டும் என்ன கூச்சம்?) அந்த ரூம்ல மட்டும்தான் வருதுன்னா ஏசி ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்க. காது வலிச்சாலோ, மறுநாளும் மந்தமா இருந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.