ரவிதாஸன் வீட்டில் யார் இருந்தார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கரூரில் கல்லூரி கடைசி வருடம் படிக்கிறேன். படம் பார்த்த பிறகுதான் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் படித்தேன். இப்போது அதை வைத்து ஒரு ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதாவது அந்த நாவலின் ஆட்களை வைத்து நானே எழுதும் கதை. என் கதையில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூரில் சாகவில்லை, நந்தினியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அண்ணன் படித்துவிட்டு, "எல்லாம் இரவல் சரக்கு, சொந்தமா ஒண்ணு யோசிக்க வரலையா?" என்கிறான். நீங்களும் பொழுதுபோக்காக இப்படி எழுதுவதுண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். எப்படி எழுதுகிறீர்கள்? மற்றவர்கள் எழுதியதை எப்படிப் படிக்கிறீர்கள்? இதை விலைக்குப் போடலாமா?

ர.

அன்புள்ள ர.,

அண்ணனுக்குப் பதில் சொல்ல வழக்கமாகக் கம்பரைக் கூப்பிடுவார்கள். அவரே வால்மீகியின் கதையை எடுத்து எழுதியவர்தானே என்பார்கள். நான் எழுதும் சில்லறைக் கதைகளுக்கு அவ்வளவு பெரிய சாட்சியை அழைத்துவரக் கூச்சமாக இருக்கிறது. வேண்டுமானால் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தைப் படிக்கக் கொடுங்கள். ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஆட்களும் சம்பவங்களும் ராமாயணத்தில் இருப்பவைதான். ஆனால் அந்தக் கோபம் புதுமைப்பித்தனுடையது. அதைப் படித்த பிறகும் இரவல் என்றால் விட்டுவிடுங்கள், அண்ணன்கள் அப்படித்தான்.

நான் எழுதும் விதம் இதுதான். கல்கி எழுதிய எதையும் மாற்றுவதில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போன இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வந்தியத்தேவன், குந்தவை பக்கம் போவதே கிடையாது. அவர்களைக் கல்கியே போதும் போதுமென்று எழுதிவிட்டார், மிச்சம் வைக்கவில்லை.

ரவிதாஸனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவன் மந்திரவாதி, சதிகாரன், இருட்டில் ஆந்தை மாதிரி குரல் கொடுப்பவன். வீடு வாசல் இல்லாதவன் போலத் திரிகிறான். ஆனால் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்கள் சொத்தோடு நிற்கவில்லை. பெண்டு பிள்ளைகள், தாய்மாமன், சம்பந்தி வகையறா வரை நிலத்தைப் பறிக்கச் சொல்லியிருக்கிறது. கொலை நடந்து பல வருடம் கழித்து!

முதலில் படித்தபோது எனக்குக் கொலையே மறந்துபோய்விட்டது. அந்தச் சம்பந்தி யாராக இருப்பார்? மாப்பிள்ளை வீடு நல்ல இடம், அரசாங்க உத்தியோகம் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்திருப்பார். ஒருநாள் ஓலை வருகிறது, நிலம் போகிறது. அப்புறம் ரவிதாஸனின் மனைவி. ராத்திரியில் ஆந்தைக் குரல் கொடுத்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் மனுஷனிடம் அவள் என்ன கேட்பாள்? "தொண்டை ஏன் கட்டியிருக்கு?" என்பாளா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்கியின் ஆள், கல்வெட்டின் குடும்பம். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் கொஞ்சம் பசை தேவைப்படுகிறது, அது என் வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன், கல்கி நடையில் எழுத மாட்டேன். "வாசகர்களே, வாருங்கள்" என்று அவர் கூப்பிட்டால் குதிரையில் ஏறிப் பின்னாலேயே போவோம். நாம் கூப்பிட்டால் பள்ளி ஆண்டு விழா நாடகம் மாதிரி ஆகிவிடும்.

உங்கள் கதை என் வழிக்கு நேர் எதிர், நீங்கள் நடந்ததையே மாற்றுகிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். படமே சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தைத் தூக்கிவிட்டு வேறு முடிவுக்குப் போனதே. ஆனால் ஒன்றை மாற்றினால் அதன் பின்னால் வருவதையெல்லாம் நீங்கள் ஏற்கவேண்டும். கரிகாலன் பிழைத்தால் அடுத்த பட்டம் அவனுக்கு. தம்பி அருள்மொழி தியாகம் செய்ய எதுவுமே இல்லை, 'தியாகச் சிகரம்' என்ற ஐந்தாம் பாகத்தின் தலைப்பே காலி. நந்தினி அரண்மனைக்குள் வந்தால் தினம் குந்தவை முகத்தில் விழிக்கவேண்டும். நந்தினி கெஞ்சியும் கேட்காமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை வெட்டியவன்தான் மாப்பிள்ளை. முதலிரவில் அதைப் பற்றிப் பேசுவார்களா, பேசாமல் இருப்பார்களா? எல்லாவற்றுக்கும் மேலே, அவள் ஏற்கெனவே பெரிய பழுவேட்டரையரின் மனைவி. நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் கிழவர் எங்கேயும் காணோம்! பாவம், அவரைச் சும்மா மறைத்துவிடாதீர்கள். இந்தக் கல்யாணத்தை அவர் கண்ணால் பார்த்து எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

படிப்பதில் எனக்குப் பெரிய ஒழுக்கம் கிடையாது. முடியாத தொடரைத் தொடமாட்டேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் பாத்திரத்தைப் பற்றி வேறு யாராவது எழுதியிருந்தால் தள்ளிவைப்பேன், இல்லையென்றால் அவர்கள் வசனம் என் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வந்தியத்தேவன் சென்னையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்றாலும் படிப்பேன், அந்த வாய் மட்டும் அவனுடையதாக இருக்கவேண்டும். பிடிக்காவிட்டால் பேசாமல் வந்துவிடுவேன். காசு வாங்காமல் ஆசைக்கு எழுதுகிறவரைத் திருத்துவது என் வேலையில்லை. பிடித்தால் கட்டாயம் எழுதிச் சொல்வேன், எந்த வரி பிடித்தது என்று. "சூப்பர், அடுத்தது எப்போ?" என்பது பாராட்டில் சேராது, பால்காரரிடம் கேட்பது.

விலைக்குப் போடுவது பற்றி. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அவர் 1954-ல் மறைந்தார். நம் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்தான், அந்தக் கணக்கிலும் காலம் முடிந்துவிட்டது. நாவலை வைத்து எழுதி விற்கத் தடையில்லை. படத்துக்காகப் புதிதாக உண்டாக்கிய காட்சி, வசனம், நடிகர்கள் படம் போட்ட அட்டை இதெல்லாம் வேறு விஷயம், அவற்றைத் தொடாதீர்கள். நான் விற்பதில்லை. காசு வாங்கிவிட்டால் கதையை முடித்துக் கொடுக்கவேண்டும். ரவிதாஸன் மனைவி இன்னும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவளை நான் அவசரப்படுத்துவதாகவும் இல்லை.