காரைக்குடியில எந்தப் பக்கம் வீடு பார்க்கிறது?

கேள்வி: ஆச்சி, அவருக்குக் காரைக்குடிக்கு டிரான்ஸ்ஃபர். பழைய ஊருக்குள்ள, அந்தப் பெரிய செட்டிநாட்டு வீட்டுல ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மாமியாருக்கு மூட்டுவலி, பையன் ஆறாவது. எந்த ஏரியா நல்லது?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஆசை நல்ல ஆசைதான் ஆத்தா. ஆனா ஏரியாவுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், அந்த வீடுகள்ல பாதி பங்காளி வீடு, ஒரே வீட்டுல பல புள்ளிக்கு, அதாவது கல்யாணமான பல குடும்பத்துக்கு, பங்கு இருக்கும், ஒருத்தர் வாடகைக்கு விட்டுட்டு இன்னொருத்தர் வந்து ஏன் விட்டேன்னு கேட்டா நீங்கதான் நடுவுல மாட்டுவீங்க, அதனால எல்லாருக்கும் சம்மதமான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. ஓட்டுல ஒழுகுதான்னு மழை நாள்ல போய்ப் பாருங்க. திண்ணைப் படி உசரமா இருக்கும், வாசப்படியும் தாண்டணும், மாமியாருக்கு அது கஷ்டம். பாத்ரூம் பெரும்பாலும் பின்கட்டுலதான், ராத்திரி வளவை, அதான் நடு முற்றத்துப் பகுதியை, தாண்டிப் போகணும்.

கொப்புடையம்மன் கோயில் பக்கம்னா கடை கண்ணி எல்லாம் நடந்தே போகலாம், சத்தமும் நெரிசலும் உண்டு, வைகாசி செவ்வாய்த் திருவிழா சமயம் வண்டி எடுக்கவே முடியாது, ஆனா அந்த நாள்ல அங்க இருக்கிறதே ஒரு பாக்கியம்! முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க, பார்க்க அழகு.

அவருக்கு ஆபீஸ் அழகப்பா யுனிவர்சிட்டி பக்கம்னா அழகப்பாபுரம், சுப்ரமணியபுரம் பாருங்க. என் மனசுக்கு, மாமியாரை நினைச்சா, முதல் வருஷம் அங்க தரைத்தள வீடு, அதுக்குள்ள ஊருக்குள்ள நிதானமாத் தேடுங்க ஆத்தா.